அக்ஃபா ஐசோலெட் 1, 2, 3: நம் கடற்கரைக்கு எது தோதானது?

உச்சிப்புளி_120
எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவைக் காலி செய்கிறார்கள். அலமாரியில் மூன்று அக்ஃபா ஐசோலெட் மடிப்பு கேமராக்கள் கிடந்தன. மூன்றும் 120 என்கிற அகல ரோல் ஃபிலிமில் 6×6 செ.மீ. அளவில் 12 படம் எடுப்பவை. கையில் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஐசோலெட் 1: அக்னார் 85 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது), வேரியோ ஷட்டர். வினாடியில் 25, 75, 200-இல் ஒரு பங்கு என்று மூன்றே வேகம், கூட ஒரு பி (அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்). எல்லாம் அசைகிறது.

ஐசோலெட் 2: அப்போட்டார் 85 மி.மீ. எஃப் 4.5, புரொன்டர்-எஸ் ஷட்டர். வேகமான எண்களில் நன்றாக அடிக்கிறது. ஒரு வினாடியில் வைத்தால் முனகிக்கொண்டே பாதியில் நின்றுவிடுகிறது.

ஐசோலெட் 3: சோலினார் 75 மி.மீ. எஃப் 3.5, சிங்க்ரோ-காம்பூர் ஷட்டர், மேலே தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர். மூன்றில் இதுதான் லட்சணம். ஆனால் ஃபோகஸ் வளையம் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது. விடியலில் கரைவலை இழுப்பது, தனுஷ்கோடி இடிபாடுகள், பாம்பன் பக்கம் நாட்டுப்படகுகள், படகுக்காரர்களின் முகங்கள் இதெல்லாம் எடுக்க ஆசை. எதை எடுக்கலாம்?

பழைய_ஷட்டர்
தம்பி, முதலில் 1, 2, 3 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அக்ஃபாக்காரர்கள் ஒரே உடம்பில் நாலைந்து லென்ஸ், ஏழெட்டு ஷட்டர் என்று மாற்றி மாற்றிப் பொருத்தி விற்றார்கள். ஐசோலெட் 2 என்றால் அதில் அக்னார்-வேரியோவும் வரும், சோலினார்-காம்பூரும் வரும். லென்ஸைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது, ஷட்டர் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதுதான் கேமரா. நீங்கள் அதைக் குறித்துக்கொண்டு வந்தது நல்ல காரியம். பாதிப் பேர் "ஐசோலெட் 2 வாங்கலாமா" என்று மொட்டையாகக் கேட்பார்கள்.

அக்னார், அப்போட்டார் இரண்டும் மூன்று கண்ணாடி லென்ஸ்கள். சோலினார் நான்கு கண்ணாடி, ஜைஸின் டெஸ்ஸார் லென்ஸ் வகை. முழுத் துளையில் எடுத்தால் வித்தியாசம் ஓரங்களில் பளிச்சென்று தெரியும். எஃப் 11, எஃப் 16 போட்டு எடுத்த படத்தை 10 அங்குலத்துக்குப் பெரிதாக்கி வைத்தால், எது அப்போட்டார் எது சோலினார் என்று சொல்ல நானே யோசிப்பேன். நம் ஊர் வெயிலில் எஃப் 16-க்குக் கீழே எப்போது இறங்கப் போகிறீர்கள்?

மூன்றிலும் பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவே விரிகிற மடிப்புத் துருத்தியைப் பார்த்தீர்களா? அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

கீழக்கரை_காக்கா
என் ஓட்டு ஐசோலெட் 1-க்கு. எங்கள் வாப்பிச்சா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது ஒன்று இன்னும் வீட்டில் ஓடுகிறது. அப்போது தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இருந்த காலம்.

காரணம் சொல்கிறேன். வேரியோவில் மெதுவேகப் பல்சக்கரமே கிடையாது. புரொன்டர், காம்பூர் எல்லாவற்றிலும் ஒரு வினாடி, அரை வினாடிக்கென்று உள்ளே ஒரு குட்டிக் கடிகாரம் மாதிரி அமைப்பு இருக்கும். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி முதலில் மாட்டிக்கொள்வது அதுதான். தம்பியின் 2 முனகுகிறது என்றாரே, அந்தச் சத்தம்தான் அது. வேரியோவில் இல்லாத பாகம் எப்படிக் கெடும்?

தொண்டி_வாடை
காக்கா சொல்வது பகல் பன்னிரண்டு மணிக்குச் சரி. மூன்று வேகத்தை வைத்துக்கொண்டு விடியற்காலையில் என்ன செய்வது? 25-க்குக் கீழே எண்ணே இல்லை, பி-யில் வைத்துக் கையால் எண்ண வேண்டும்.

தம்பி, முகங்கள் எடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2 மீட்டர் தூரத்தில் நிற்கிற ஆளை 85 மி.மீ. லென்ஸில் எஃப் 4.5-இல் எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 25 செ.மீ. கண்ணால் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொன்னால் மூக்கு தெளிவாக வரும், கண் மங்கிவிடும். இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற வலை தெளிவாக வரும். ரேஞ்ச்ஃபைண்டர் இருப்பது 3-இல் மட்டும்தான். எனவே 3.

பழைய_ஷட்டர்
3-இன் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே உள்ள சக்கரத்தைத் திருப்பி இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்க வேண்டும். சக்கரத்தில் வரும் தூரத்தைப் படிக்க வேண்டும். பிறகு அந்த எண்ணை லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டும். அதற்குள் படகுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்துவிடுவார்.

இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் வேண்டுமானால் அது சூப்பர் ஐசோலெட். 1954-இலிருந்து 1960 வரை வந்தது. அதில் லென்ஸ் முழுவதும் சேர்ந்து முன்னால் நகரும், படம் சுற்றினால் தானே நிற்கும். மற்ற மூன்றிலும் முன்கண்ணாடி மட்டும்தான் சுழலும், பின்னால் சிவப்பு ஜன்னலில் எண் பார்த்துச் சுற்ற வேண்டும். சூப்பர் ஐசோலெட்டைப் பார்த்து ரஷ்யர்கள் செய்தது இஸ்க்ரா. ஆனால் இதெல்லாம் அந்த அலமாரியில் இல்லையே.

தொண்டி_வாடை
நடந்துபோகிற ஆளை யார் எடுக்கிறார்கள்? வலை பின்னுகிறவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். தூரத்தை நிதானமாக அளந்து, வளையத்தில் வைத்து, ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுக்கலாம். நான் எடுப்பதே அப்படித்தான்.

கருப்புவெள்ளை_அக்கா
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். பெல்லோஸ் பார்த்தாயா தம்பி? ஐசோலெட்டின் சாபமே அதுதான். அக்ஃபா அந்தக் காலத்தில் போட்டது தோல் இல்லை, ஒருவகைச் செயற்கைப் பொருள். மடிப்பின் மூலைகளில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழும். அதே வயதுள்ள ஜைஸ் நெட்டார் மடிப்பு கேமராவைத் திறந்து பார்த்தால் பெல்லோஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பார்ப்பது எளிது. இருட்டறைக்குப் போ. பின்கதவைத் திறந்து, செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு, பக்கவாட்டு மூலைகளை ஒவ்வொன்றாகப் பார். முன்கதவை மெதுவாக அசைத்துக்கொண்டே பார்க்க வேண்டும், சில ஓட்டைகள் மடிப்பு விரிந்தால்தான் கண் சிமிட்டும். ஒன்றிரண்டு என்றால் துணிக்கு அடிக்கும் கருப்புப் பெயிண்டை மெலிதாகத் தடவிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். நட்சத்திரக் கூட்டம் மாதிரி தெரிந்தால் புதுசுதான் போட வேண்டும்.

உச்சிப்புளி_120
அக்கா, இன்று போய்ப் பார்த்துவிட்டேன். ஸ்டூடியோவின் டார்க்ரூமுக்குள்ளேயே விட்டார்கள், இப்போது அது சாமான் அறை.

1: மூலைகளில் ஏழெட்டு இடத்தில் வெளிச்சம். 2: யாரோ முன்பே பெல்லோஸ் மாற்றியிருக்கிறார்கள், மெல்லிய துணி மாதிரி இருக்கிறது, ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. 3: மூலைகளில் கருப்பாக ஏதோ தடவி மெழுகியிருக்கிறது, அப்படியும் இரண்டு இடத்தில் தெரிகிறது.

இன்னொன்று: 2-இல் முன்கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி இரண்டு கீற்று. பூஞ்சைதானே?

கருப்புவெள்ளை_அக்கா
பூஞ்சைதான். ஓரத்தில் இரண்டு கீற்று என்றால் படத்தில் தெரியாது. ஆனால் வளரும். முன்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் போய்விடும், கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கை அரித்திருந்தால் மட்டும் தடம் மிச்சமிருக்கும்.

அந்தத் தோல் உறையை மட்டும் ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டு வா. கடற்கரையில் கேமராவைக் கொல்வது பாதி அந்த உறைதான். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பித்தளையில் பச்சை பூக்க வைக்கும், பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது போதும். ஜெல்லை அவ்வப்போது வறுத்துக் காயவைத்துப் போடு.

பழைய_ஷட்டர்
பெல்லோஸ் மாற்றிய 2, அப்போட்டார், புரொன்டர்-எஸ். என்னிடம் கேட்டால் பேச்சே முடிந்தது.

ஒரு வினாடி நிற்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பல்சக்கரத்தை லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் கழுவிக் காயவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். அடுப்பு, விளக்கு பக்கம் வைத்துச் செய்யக் கூடாது. கழுவின பிறகு "கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் விடலாமே" என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். அந்த எண்ணெய் ஊர்ந்து போய் இதழ்களில் ஏறும், ஷட்டர் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவை காய்ந்தே ஓட வேண்டியவை.

தொண்டி_வாடை
3-இன் ஃபோகஸ் இறுகியதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம் அண்ணே. எல்லா ஐசோலெட்டிலும் வரும் நோய் அது. தம்பி, வளையத்தைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி ஏதாவது தெரிகிறதா?

உச்சிப்புளி_120
ஆமாம், வளையத்துக்குக் கீழே விளிம்பில் கரும்பச்சையாகத் தெரிகிறது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. கடையில் இருந்த ஒருவர் இடுக்கி எடுக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன்.

பழைய_ஷட்டர்
நல்லவேளை. அது அக்ஃபா போட்ட கிரீஸ். வருஷக்கணக்கில் கெட்டியாகி, முன்கண்ணாடிக் கூட்டையும் அதற்குப் பின்னால் உள்ள நடுக்கண்ணாடிக் கூட்டையும் வெல்டிங் வைத்தாற்போல் ஒன்றாக்கிவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பலத்தைப் போட்டுத் திருப்பினால் வளையம் திரும்பும், "அப்பாடா, விட்டுவிட்டது" என்று தோன்றும். உண்மையில் முன்கூடு அசைந்திருக்காது. நடுக்கூடு ஷட்டரிலிருந்து கழன்று வந்துகொண்டிருக்கும். தூர எண் சரியாகக் காட்டும், படம் முழுக்க மங்கலாக வரும். சந்தையில் "ஃபோகஸ் ஸ்மூத்தாக இருக்கிறது" என்று விற்கிற ஐசோலெட்டுகளில் இப்படிப்பட்டது நிறைய.

சரியான வழி இதுதான். வெளிவளையத்தின் குட்டி ஸ்குருக்களைத் தளர்த்தி வளையத்தை எடுக்க வேண்டும். முன்கூடும் நடுக்கூடும் சேர்ந்தே ஷட்டரிலிருந்து கழன்று வரும், வரட்டும். இரண்டையும் லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்து, ஹேர் டிரையரில் லேசாகச் சூடுகாட்டி, ரப்பர் துண்டு வைத்துக் கையால் திருப்ப வேண்டும். ஒரே நாளில் விடாது. இடுக்கி கூடவே கூடாது. முன்கூடு நடுக்கூட்டிலிருந்து பிரியும் அந்தக் கணத்தில் இரண்டிலும் நேராக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோட்டில் தொடங்கினால்தான் மரை சரியாகச் சேரும்.

மூக்கையூர்_முனை
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபடுவதற்கு ரஷ்ய மடிப்பு கேமரா மாஸ்க்வா-5 வாங்கிவிட்டால் என்ன? இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர், 105 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், 6×9-இல் 8 படம், தகடு போட்டால் 6×6-இல் 12 படம். ஜைஸ் சூப்பர் ஐகோன்டாவைப் பார்த்துச் செய்தது.

பழைய_ஷட்டர்
நல்ல கேமரா. பெல்லோஸ் கவலையும் குறைவு. ஆனால் அது பையில் கனக்கும் கேமரா, ஐசோலெட் சட்டைப்பையில் கனக்கும் கேமரா. முகப்புத் தகடு நேராக நிற்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், 6×9-இல் ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே தெரியும். தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

கீழக்கரை_காக்கா
பெல்லோஸ் ஓட்டை என்ற செய்தி வந்தபிறகு என் ஓட்டை 1-இலிருந்து 2-க்கு மாற்றிக்கொள்கிறேன். கட்சி தாவல்தான், பரவாயில்லை.

ஆனால் தம்பி, வெயில் கணக்கை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தெளிந்த வெயிலில் எஃப் 16, ஃபிலிமின் எண்ணே ஷட்டர் வேகம். 400 ஃபிலிம் என்றால் எஃப் 16-க்கு நானூறில் ஒரு பங்கு. தனுஷ்கோடி மணலும் இரண்டு பக்கக் கடலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அங்கே இன்னும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பழைய ஷட்டரில் அந்த வேகமே இருக்காது. 100 அல்லது 125 ஃபிலிம் போட்டால் எஃப் 16, இருநூறு அல்லது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு என்று அழகாக அடங்கும். 400-ஐ விடியலுக்கும் அந்திக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்புவெள்ளை_அக்கா
காக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். பின்பக்கச் சிவப்பு ஜன்னல் வந்தது சிவப்பு ஒளி உறைக்காத ஃபிலிம்களின் காலத்தில். இன்றைய பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பும் உறைக்கும். நம் வெயிலில் ஜன்னலைத் திறந்தபடி விட்டால் பின்காகிதத்தைத் தாண்டி உள்ளே போய்ப் படத்தில் வட்டமாகத் தழும்பு விழும். ஜன்னலுக்கு மூடி இருந்தால் சுற்றும்போது மட்டும், அதுவும் உன் நிழலில் வைத்துத் திற. மூடி தளர்ந்திருந்தால் கருப்பு டேப் ஒட்டு.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை உடனே பிரிக்காதே. நம் காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் வியர்த்து, காகிதம் ஃபிலிமோடு ஒட்டி, கழுவும்போது புள்ளி புள்ளியாக வரும். கவரோடு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

தொண்டி_வாடை
திறக்கிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டனை அமுக்கினதும் "டப்"பென்று கதவு தெறித்து விரியும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பெல்லோஸ் காற்றை இழுக்கும்போது ஃபிலிமையும் முன்பக்கம் உறிஞ்சிவிடும், தட்டையாக நிற்காது. கதவைக் கையால் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். ஒரு படம் எடுத்ததும் சுற்றிவிட்டு மூடாமல், அடுத்த முறை திறந்த பிறகு சுற்றினால் ஃபிலிம் மறுபடி இறுக்கமாக நிற்கும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்று திறக்கவே வேண்டாம். பறக்கிற மணல் ஒன்று ஃபோகஸ் மரையில் போனால் நறநறவென்று ஆயுசுக்கும் கேட்கும். வண்டிக்குள் உட்கார்ந்து திறந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்குவது என் வழக்கம்.

உச்சிப்புளி_120
எல்லோருக்கும் நன்றி. ஐசோலெட் 2-ஐ வாங்கிவிட்டேன். உறையை அங்கேயே விட்டுவிட்டேன் அக்கா. முன்கண்ணாடியைக் கழற்றிப் பூஞ்சையைத் துடைத்தபிறகு, முடிவிலித் தூரம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒரு ரோலை அதற்கென்று வீணடிக்க மனம் வரவில்லை.

பழைய_ஷட்டர்
ரோல் வேண்டாம். சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றில் மங்கலான ஸ்காட்ச் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, டேப் பக்கம் லென்ஸைப் பார்க்க, ஃபிலிம் படுகிற தண்டவாளங்களின்மேல் வையுங்கள். ஷட்டரை பி-யில் வைத்து, கேபிள் ரிலீஸால் (ஷட்டரை அமுக்கும் கம்பி) திறந்து, திறந்தபடியே நிற்கும்படி பூட்டுங்கள். துளை முழுசாகத் திறந்திருக்க வேண்டும். பிறகு நல்ல பூதக்கண்ணாடி வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், உலகம் தலைகீழாகத் தெரியும்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கென்றே கட்டிவைத்தது மாதிரி ராமேஸ்வரம் டி.வி. டவர் இருக்கிறது. 323 மீட்டர் உயரம். பாம்பனைத் தாண்டினதும் தூரத்தில் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். இரவில் போனால் உச்சி விளக்கு இன்னும் நல்லது. அந்தச் சிவப்புப் புள்ளி மிகச் சிறிதாகக் கூர்மையாகிற இடத்தில் முன்கூட்டை நிறுத்தி, வளையத்தில் முடிவிலிக் குறி வரும்படி பொருத்தி, மூன்று ஸ்குருவையும் இறுக்குங்கள்.

உச்சிப்புளி_120
செய்துவிட்டேன் அண்ணே. விளக்கு கூர்மையான இடம் முன்பு இருந்த குறிக்கு அரைக்கால் வட்டம் தள்ளி இருந்தது! முன்னால் கழற்றியவர் எப்படியோ பூட்டியிருக்கிறார்.

முதல் ரோல் 125 போட்டேன். தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் எஃப் 16, 9 மீட்டரில் வைத்து எடுத்தது. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பவளக்கல்லின் துளைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய பாலத்தையும் 2025-இல் திறந்த புதிய பாலத்தின் தூக்கு கர்டரையும் ஒரே சட்டத்தில் எடுத்தேன், அதுவும் சுத்தம். வலை பின்னும் பெரியவரின் முகம் மட்டும் தொண்டி அண்ணன் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது, வலை தெளிவு, அவர் மங்கல்.

தொண்டி_வாடை
சொன்னேனா இல்லையா!

பழைய_ஷட்டர்
கேமராவின் மேலே உள்ள ஷூவில் (துணைக்கருவி மாட்டும் பள்ளம்) மாட்டுகிற தனி ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று தேடுங்கள், 3 செய்கிற வேலையை அது செய்துவிடும். அதுவரை ஒரு கயிற்றில் 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரே ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. ஷட்டரில் செல்ஃப் டைமர் இருக்கும், அதைத் தொட வேண்டாம். இத்தனை வயதில் அது பாதியில் மாட்டினால் ஷட்டர் முழுவதும் பூட்டிக்கொள்ளும்.

தொண்டி_வாடை
தம்பி, அந்த 3 இன்னும் அலமாரியில் இருக்கிறதா? இருந்தால் எனக்கென்று எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இறுகிய ஃபோகஸ் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள், காம்பூர் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

உச்சிப்புளி_120
இருக்கிறது அண்ணே. நாளை காலை போகிறேன், விலையைத் தனிமடலில் சொல்கிறேன். பெல்லோஸ் யாரிடம் மாற்றுவது என்று மட்டும் அக்காவைக் கேட்டு வையுங்கள்.